விளக்கின் மேல் காய்ந்த சந்தனம்

இன்று காலை ஆறரை மணிக்கு வாசலில் அந்த வாசனை வந்தது. சாமி அறைச் சந்தனத்தின் வாசனை வேறு. இது சூடான கண்ணாடியில் காய்கிற சந்தனம். லேசாகக் கருகல் கலந்திருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இரண்டையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியும். ஆனால் ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: இந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் விளக்கின் கண்ணாடி அவ்வளவு சூடாவதில்லை. கருகல் வாசனை வந்திருக்க வழியில்லை. என் மூக்கு அதைத் தானாகச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

என் பேத்தி, மலாக்காவை அடுத்த பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். போன மாதம் எதிரே வந்த கார் ஒன்று, அவள் வருவதைக் கவனிக்காமல் குறுக்கே திரும்பிவிட்டது. பிரேக் பிடித்துத் தப்பித்தாள். நேற்றுப் பட்டறையில் கொடுத்து வெள்ளை வெளிச்சம் வீசுகிற புது விளக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். இன்று காலை மருமகள் அந்த விளக்கின் கண்ணாடியில் மூன்று விரலால் சந்தனத்தை அழுத்தி இழுத்தாள். நடுவில் குங்குமம் வைத்தாள். பேத்தி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஓகேவா தாத்தா?"

நான் தலையாட்டினேன்.

அவள் போய்விட்டாள். மாலை ஆறு மணிக்குத்தான் திரும்புவாள். நாளிதழைப் பிரித்தேன், மடித்தேன். வாசலுக்குப் போனேன், வந்தேன். கடைசியில் இந்தத் தாளை எடுத்து, நண்பா, உனக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். நீ போய் ஐந்து வருடம் ஆகிறது. இருந்திருந்தாலும் இதைப் படித்திருக்க மாட்டாய். உனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஒருவேளை அதனால்தான் இதைத் தமிழில் எழுதத் துணிகிறேனோ என்னவோ.

நாம் பழகியதே அப்படித்தான். செட்டி சமூகம் குடியிருந்த கம்போங் செட்டியில் பிறந்தவன் நீ. வீட்டில் முருகனும் மாரியம்மனும் இருந்தார்கள், பேச்சு முழுக்க உங்கள் மலாயில் இருந்தது. தமிழில் நான்கைந்து சாமி வார்த்தையும் சில சாப்பாட்டு வார்த்தையும் உனக்குத் தெரியும். நான் காஜா பெராங்கில், உங்கள் கம்போங்கின் ஓரத்தில், ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்த நில அளவை அலுவலகக் கிராணி, அதாவது குமாஸ்தா. என்னை நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "கிராணி" என்றுதான் கூப்பிடுவாய், நான் ஓய்வு பெற்று இருபது வருடம் ஆன பிறகும். நீ சொன்னவை எல்லாம் என் நினைவில் இப்போது தமிழில்தான் இருக்கின்றன. எங்கேயாவது உன் பேச்சு உன் பேச்சாக இல்லை என்றால் அது என் குறை.

உன் வேலையைச் சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். பட்டணத்தில் ஒரு படக்கொட்டகை, பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு படக்கொட்டகை. இரண்டுக்கும் ஒரே முதலாளி, இரண்டிலும் ஒரே படம், ஆனால் படச்சுருள் ஒரு செட்தான். இங்கே முதல் சுருள் ஓடி முடிந்ததும் அதைத் தகர டின்னில் போட்டு உன்னிடம் கொடுப்பார்கள். நீ மோட்டார் சைக்கிளில் அதை அங்கே கொண்டுபோக வேண்டும். அங்கே அது ஓடத் தொடங்குவதற்குள் இரண்டாவது சுருளுக்கு இங்கே திரும்பி வந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால் அங்கே திரை வெள்ளையாகிவிடும். சனங்கள் விசிலடிப்பார்கள், நாற்காலியைத் தட்டுவார்கள், உன் அம்மாவைக்கூட விடாமல் திட்டுவார்கள்.

அதனால் நீ எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. படிக்கட்டில் காத்திருக்கும்போது கதவிடுக்கில் நடுவில் கொஞ்சம் பார்ப்பாய். முடிவை நான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை என் அறை வாசலில் வந்து உட்காருவாய்.

"சொல்லு கிராணி. அந்தத் தம்பிக்காரன் செத்தானா, கல்யாணம் பண்ணானா?"

"கல்யாணம் பண்ணிக்கொண்டான்."

"சே! அந்த மூஞ்சிக்கு ஒரு பொண்ணா? நான் அவ்வளவு வேகமா தூக்கிட்டு ஓடினது இதுக்கா?"

நான் முடிவுகளை ஒழுங்காகச் சொல்வேன், எந்தக் காட்சிக்குப் பிறகு எது என்று வரிசையாக. உனக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். யாரிடமும் நான்கு வார்த்தை சேர்த்துப் பேசாத நான், உன்னிடம் மட்டும் முழுக் கதை சொல்வேன்.

ஒரு ஞாயிறு நீ கதை கேட்கவில்லை. முழங்கையில் தோல் உரிந்திருந்தது. முந்தின நாள் மாலை மழையில் ஒரு பஸ் உன்னைப் பார்க்காமல் உன் பக்கமாக ஒதுங்கிவிட்டது. அதற்கு முந்தின மாதம் ஒரு லோரி. இரண்டு ஓட்டுநர்களும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்களாம்: "கண்ணுலேயே படலை."

"நான் என்ன சின்ன ஆளா?" என்று உன் வயிற்றைத் தட்டிக் காட்டினாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய்.

அன்று நான் உன் வண்டியின் முன் விளக்கை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். ஆறு வோல்ட் விளக்கு. உள்ளே வெள்ளிக் கிண்ணம் கறுத்துப்போயிருந்தது. கம்பி முடி போல மெல்லியது. விளக்குக் கூடு சட்டத்தைத் தொடும் இடத்தில் பெயிண்டும் துருவும். பள்ளியில் படித்த மின்சாரப் பாடம் எனக்கு அலுவலகத்தில் ஒரு நாளும் உதவியதில்லை. அன்று உதவியது. டைனமோ கொடுக்கும் மின்சாரத்தில் பாதி விளக்குக்குப் போய்ச் சேருவதற்குள் வழியிலேயே தொலைகிறது, மீதி வெளிச்சத்தைக் கறுத்த கிண்ணம் விழுங்குகிறது என்று சொன்னேன்.

"அப்ப பெரிய பல்பு போடுவோமா?"

"வேண்டாம். பெரிய பல்பு போட்டால் பேட்டரி தாங்காது. முதலில் தொலைவதை நிறுத்துவோம்."

நாலு ஞாயிறு. தடித்த கம்பி போட்டோம். கூட்டின் அடியில் பெயிண்டைச் சுரண்டி, அங்கிருந்து பேட்டரிக்குத் தனியாக ஒரு கம்பி இழுத்தோம். கிண்ணத்தைக் கண்ணாடிக் கடைக்காரரிடம் கொடுத்துப் புதிதாக வெள்ளி பூசி வாங்கினோம். மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் விளிம்புக்கு ஒரு தக்கை வளையம் வெட்டினேன். மூன்று தடவை தப்பாக வெட்டி நாலாவதில் சரியானது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு நேர் சாலையில் ஒரு சோதனை. நீ விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருப்பாய். நான் குறிப்புப் புத்தகத்தோடு அடி எண்ணிக்கொண்டு விலகிப் போவேன். நின்று, திரும்பி, கண்ணை மூடித் திறப்பேன். இரண்டு எண்ணுவதற்குள் உன் விளக்கு கண்ணில் பட வேண்டும். படாத தூரத்தைக் குறித்துக்கொள்வேன். முதல் நாள் மாலை வெளிச்சத்தில் தொண்ணூறு அடியில் நீ காணாமல் போனாய். நாலாவது ஞாயிறு இருநூற்றுப் பத்தில் நின்றும் உன்னைப் பார்த்தேன்.

"ஏய் கிராணி, எங்க போறே? ஜோகூருக்கா?" என்று அங்கிருந்து கத்தினாய்.

விளக்கின் கோணத்தைச் சரிபார்க்க ஒரு சுவர் வேண்டியிருந்தது. உன் வீட்டுப் பக்கச் சுவரில், விளக்கின் உயரத்தை அளந்து நீலச் சாக்குக்கட்டியால் ஒரு சிலுவைக் கோடு போட்டேன். உன் அம்மா வெளியே வந்தார். கம்போங் முழுக்க அவரை மக், அம்மா, என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. இடுப்பில் சரோங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் வீட்டுச் சுவரு என்ன ஸ்கூல் பலகையா? பூசைக்கு இப்பதான் வெள்ளையடிச்சேன். தொடை. நீயே தொடை."

நான் ஈரத்துணியை வாங்கித் துடைத்தேன். நீ வண்டிக்குப் பின்னால் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாய். பிறகு அவரே எனக்குத் தேங்காய்ப்பால் விட்ட பலகாரம் கொண்டுவந்து வைத்தார். உனக்கு அது அன்றோடு முடிந்துபோன வேடிக்கை. எனக்கு அப்படி முடியவில்லை. என் சுபாவம் உனக்குத் தெரியும். ஒருவர் ஒரு தடவை குரலை உயர்த்திவிட்டால், அவர் முன்னால் என் வாய் மறுபடி திறக்க வருடக் கணக்காகும்.

விளக்கு தயாரான பிறகு நான் ஒரு யோசனை சொன்னேன்: பகலிலும் அதை எரியவிட்டே ஓட்டு. மழையிலும் மாலையிலும் மட்டும் என்றால் போடுவதற்கு மறந்துவிடுவாய். நீ யோசிக்காமல் சரி என்றாய். காஜா பெராங் சாலை முழுக்க உன்னைக் கேலி செய்தது. சைக்கிள்காரர்கள் "லம்பு! லம்பு!" என்று விளக்கைக் காட்டிக் கத்தினார்கள். காப்பிக் கடையில் ஒருவர், "தம்பிக்குக் கண்ணுலே பூ விழுந்துடுச்சு போல" என்றார். ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பட்டப் பகல்லே எதைத் தேடறே?"

"நான் ஒண்ணும் தேடலை, துவான். மத்தவங்க என்னைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும்னு போட்டிருக்கேன்."

"நான் கண்டுபிடிச்சுட்டேன். அணை."

அணைத்தாய். அடுத்த முனை திரும்பியதும் போட்டாய். இன்று இந்த நாட்டில் எல்லா மோட்டார் சைக்கிளும் பகலிலும் விளக்கெரிய ஓட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் வந்த வாரம் நீ கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். "பாத்தியா கிராணி, நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே எடுத்துக்கிட்டானுங்க" என்றாய். நான் சிரித்தேன். என் கண் உன் கைத்தடியில் இருந்தது.

மணி பதினொன்று. மருமகள் வந்து, "என்ன மாமா, காலையிலிருந்து வாசலுக்கும் மேசைக்கும் நடக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பேத்திக்குப் போன் பண்ணலாமா என்று எடுத்தேன். வேலை நேரம், என்ன சொல்வது, சந்தனத்தைத் துடை என்றா? வைத்துவிட்டேன். தெற்கே மேகம் கறுக்கிறது.

அந்தச் சனிக்கிழமையை எழுதிவிடுகிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கொடியேற்றிய செய்திப்படம் மலாக்காவுக்கு வருகிறது என்று பட்டணம் முழுக்கப் பேச்சு. சுருள் ஒன்றுதான். ஐந்து மணிக்கு பட்டணத்துக் கொட்டகையில் அது ஓடும். ஆறு மணிக்கு பத்து பெரெண்டாம் பக்கத்தில் ஓடும். நடுவில் நீ. மூன்று நாளாக உன்னை எல்லோரும் தோளில் தட்டிக்கொண்டிருந்தார்கள். "பத்திரமா கொண்டுபோ. கொடியைக் கீழே போட்டுடாதே."

சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. மூன்றரை மணிக்கு உன் வீட்டு வாசலில் இருந்தேன். மக் ஒரு தட்டோடு வந்தார். பஸ் உன்னை உரசிய நாளிலிருந்து அவர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. புதுச் சட்டை போட்டிருந்த உன் நெற்றியில் விபூதி வைத்தார். பிறகு வண்டியின் முன்னால் குனிந்தார். மஞ்சளும் சந்தனமும் கெட்டியாகக் குழைத்திருந்தார். விளக்கின் கண்ணாடியில் மூன்று விரலால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்தார். அதன் மேல் இன்னொரு தடவை. நடுவில் காசு அளவுக்குக் குங்குமம். பூச்சரம் ஒன்றைக் கூட்டைச் சுற்றிக் கட்டினார். அதன் ஒரு முனை கண்ணாடியின் மேல் தொங்கியது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருநூற்றுப் பத்து அடி என்ன ஆகும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். எனக்குத் தெரிந்தது. இதை நான் மறைக்கக் கூடாது. அப்போதே, அந்த இடத்திலேயே, தெரிந்தது. மக்கும் நானும் ஒரே வேலையைத்தான் செய்திருந்தோம். உன்னை யாரும் இடித்துவிடக் கூடாது என்று. அவர் செய்தது என் வேலையின் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. துடைக்கச் சொல்ல வேண்டும். யார் சொல்வது? சுவரில் கோடு போட்டுத் திட்டு வாங்கிய வாடகைக்காரன் சொல்வதா? சாமி சந்தனத்தை?

நீ வண்டியை உதைத்தாய். விளக்கைப் போட்டாய். விளக்கைக் குனிந்து ஒரு தடவை பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"பெத்துல்?" என்றாய். சரிதானே என்று கேட்டாய்.

நான் தலையாட்டினேன்.

அதோடு முடிந்திருந்தால் ஒரு மாதிரி. எனக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. நான் சைக்கிளில் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது உன் வண்டி முன் கூரையின் கீழே நின்றது. நீ மேலே படம் ஓட்டும் அறைப் படிக்கட்டில் காத்திருந்தாய். நான் உள்ளே போய்ச் செய்திப்படத்தைப் பார்த்தேன். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, நானும் நின்றேன். முடிந்ததும் வெளியே வந்தேன். சுருளைத் திரும்பச் சுற்றிக் கொடுக்க நேரமாகும். மழை தொடங்கிவிட்டது. வானம் ஐந்தரைக்கே இருண்டிருந்தது. உன் வண்டியின் முன்னால் நான் தனியாக நின்றேன். வழியெல்லாம் விளக்கு எரிந்திருந்ததால் சந்தனம் கண்ணாடியோடு காய்ந்து இறுகிப்போயிருந்தது. அந்த வாசனை அப்போதுதான் என் மூக்கில் ஏறியது. மக் அங்கே இல்லை. யாரும் அங்கே இல்லை. கைக்குட்டையை எடுத்தேன். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரில் நனைத்தேன். விளக்குக்கு அருகில் கொண்டுபோனேன்.

பின்னால் யாரோ வந்தார்கள். டிக்கெட் கிழிப்பவர். "நல்லா அலங்காரம் பண்ணியிருக்காங்க, இல்லே?" என்றார்.

"ஆமாம்" என்றேன். கையிலிருந்த கைக்குட்டையால் என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

நீ டின்னோடு இறங்கி ஓடி வந்தாய். "கதை நல்லா இருந்துச்சா? முடிவை நாளைக்குச் சொல்லு!" என்று கத்திவிட்டு மழையில் போனாய். மழையில் உன் விளக்கு எதிரில் வருபவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் உன் முதுகைத்தான் பார்த்தேன்.

விறகு ஏற்றிய லோரி ஒன்று எதிரே வந்து, உன் முன்னால் குறுக்காக வலப்பக்கம் திரும்பியது. ஓட்டுநர் நல்ல மனிதர். உன்னை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாராம். "மஞ்சளா ஒரு புள்ளி தெரிஞ்சுச்சு. ஓரத்துக் கடை விளக்குன்னு நெனச்சேன்" என்று எல்லோரிடமும் சொன்னார். உன் வலது முழங்கால் நசுங்கியது. டின் கால்வாயில் உருண்டது. நினைவு தப்புவதற்கு முன் நீ கேட்டது, "மூடி திறந்துக்குச்சா?" திறக்கவில்லை. ஒரு திரிஷாக்காரர் அதை எடுத்துக்கொண்டு மிதித்தார். ஏழு மணிக்கு பத்து பெரெண்டாம் சனங்கள் கொடியேறுவதைப் பார்த்தார்கள்.

போலீஸ்காரர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். விளக்கு வேலை செய்ததா?

"எரிந்தது, ஐயா" என்றேன். அது பொய்யில்லை. அதனால்தான் அது இத்தனை வருடம் உறுத்துகிறது.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் உன் விளக்கைக் கழற்றி என் அறைக்குக் கொண்டுவந்தேன். கண்ணாடி உடையவில்லை. ஒரு பேட்டரியில் இணைத்து, அதே நேர் சாலையில் ஒரு பலகை மேல் வைத்து, மாலையில் தனியாக அடி எண்ணினேன். சுத்தமான கண்ணாடி: இருநூற்றுச் சொச்சம். நானே மஞ்சள் சந்தனம் குழைத்து அதே மாதிரி இழுத்து, காயவைத்து எண்ணினேன்: எழுபது. நாம் வேலை தொடங்குவதற்கு முன் இருந்ததைவிடக் குறைவு. பிறகு பூவாளியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், மழையில் கரைந்திருக்குமே என்று. ஒரு தடவை பாதி கரைந்தது. இன்னொரு தடவை கரையவே இல்லை. அன்று உன் விளக்கில் எவ்வளவு மிஞ்சியிருந்தது? லோரி எத்தனை அடியில் திரும்பியது? தெரியாது. எத்தனை முறை கணக்குப் போட்டாலும் கடைசி வரியில் ஒரு வெற்றிடம் நிற்கிறது. நான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. இல்லை என்றும் முடியவில்லை.

உன்னிடம் சொல்ல மூன்று தடவை வந்தேன். முதல் தடவை ஆஸ்பத்திரியில். மக் கட்டில் காலடியில் உட்கார்ந்து உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த விபூதிதான் உன் உயிரைக் காப்பாற்றியது என்று என்னிடம் சொன்னார். இரண்டாவது தடவை அவர் இறந்த பிறகு. நீ கொட்டகையின் டிக்கெட் கூண்டில் உட்கார்ந்திருந்தாய். முதலாளி கொடுத்த வேலை. "பாரு கிராணி, கொட்டகைக்கு உள்ளேயே உக்காந்திருக்கேன், இப்பவும் முடிவு தெரியலை" என்றாய். வரிசையில் எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். மூன்றாவது தடவைக்கு ஒரு காரணமும் இல்லை. நாம் இருவரும் கிழவர்கள், உன் வீட்டுத் தின்பண்டம் நடுவில் இருந்தது, மழை இல்லை, யாரும் இல்லை. நான் தக்கை வளையத்தைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்தேன்.

நீ போன அடுத்த தை மாதம், பொங்கலுக்கு முந்தின நாள், உங்கள் வீட்டில் முன்னோருக்கு இலை போட்டுப் படைத்தபோது உன் தங்கை என்னையும் கூப்பிட்டாள். உனக்குப் பிடித்தவை எல்லாம் இலையில் இருந்தன. படையல் விளக்கைப் பார்த்துக்கொண்டு நான் நின்றபோது அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்த ஆக்சிடெண்ட் நாளைப் பத்தி அண்ணன் சொல்லியிருக்கான், தெரியுமா? அம்மா விளக்கு பூரா சந்தனத்தை அப்பிட்டாங்க. துடைச்சா அம்மா மனசு நோகும். கிராணி வேண்டாம்னு சொன்னா துடைச்சுடலாம்னு அவரைக் கேட்டேன், அவரு சரின்னுட்டாருன்னு."

"கோபமாகவா சொன்னான்?"

"சே, சிரிச்சுக்கிட்டே. கிராணி அளந்து பாத்திருப்பாரு, அவரு சரின்னா சரிதான்னு நெனச்சேன்னான்."

அன்று சாப்பிட்டது என்ன என்று எனக்கு நினைவில்லை. அறுபது வருடமாக நான் ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டவன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நீ என்னிடம் அதைக் கேட்டிருக்கிறாய். எல்லாவற்றையும் அளப்பவன் என்பதால் என் தலையாட்டலை நம்பிப் புறப்பட்டாய்.

இதோடு நிறுத்தி எழுந்தேன். மணி ஐந்தரை. மழை பிடித்துக்கொண்டது. மீதியை இப்போது, திரும்பி வந்து எழுதுகிறேன்.

கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு, குடையோடு வாசலில் போய் நின்றேன். தெருமுனையில் வண்டிகள் திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடித் திறந்து எண்ணினேன், பழைய பழக்கம். ஆறு ஆனது. ஆறு பத்து ஆனது. குடைக்குள் என் தோள் நனைந்தது. எத்தனையோ விளக்குகள் கடந்து போயின. ஆறே கால் மணிக்கு, நடுவில் மூன்று இருண்ட கோடு விழுந்த ஒரு விளக்கு திரும்பியது. அவள்தான்.

"ஏன் தாத்தா மழையிலே நிக்கிறீங்க?"

அவள் இறங்கும்வரை நான் காத்திருக்கவில்லை. குனிந்து கைக்குட்டையைக் கண்ணாடியில் வைத்துத் தேய்த்தேன். மருமகள் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டாள். நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், கதவு நிலையைப் பார்த்துச் சொன்னேன்:

"இது சரியில்லைம்மா. வெளிச்சத்தை மறைக்குது. இனிமே மட்கார்டுலே வைங்க."

"அட மாமா, இதைக் காலையிலேயே சொல்லக்கூடாதா? நானே தொடச்சிருப்பேனே!" என்றாள். சிரித்தாள். மகளிடம் ஒரு துண்டை எடுத்து வீசிவிட்டு, தேநீர் போட உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான். அவ்வளவேதான். பேத்தி என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

மக் என்ன சொல்லியிருப்பார்? கோபப்பட்டிருப்பார் என்று இத்தனை வருடம் எனக்கு உறுதியாகத் தெரியும். இப்போது அந்த உறுதியும் போய்விட்டது. "அப்படியா? தொடை, தொடை. நீயே தொடை" என்று ஈரத்துணியை என் கையில் கொடுத்துவிட்டு, பலகாரம் எடுக்க உள்ளே போயிருப்பாரோ? அதை நினைத்தால்தான் இன்றைக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

நீ பாதி பார்த்த எல்லாப் படத்துக்கும் நான் முடிவு சொன்னேன். அந்தச் சனிக்கிழமைக்கான முடிவை மட்டும் நாளை நாளை என்று வைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டேன். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

கைக்குட்டை மஞ்சளாகிவிட்டது. மருமகள் அதைத் துவைக்கக் கேட்டாள். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஈரம் மார்பில் படுகிறது. காலை ஆறரை மணிக்குப் பேத்தி மறுபடி கிளம்புவாள், "ஓகேவா தாத்தா?" என்று கேட்பாள். தலையாட்டுவதற்கு முன் வண்டியின் முன்னால் போய்க் குனிந்து பார்க்க வேண்டும்.